அறியில்லா டாக்டர்

“…அப்படி நான் சொல்லலையேக்கா. மழை வருமான்னு கேட்டீங்க. தெரியாதுன்னேன். வராதுன்னு எப்பச் சொன்னேன்?”

மொட்டை மாடியில் நான் காயப்போட்டிருந்த மிளகாய் அத்தனையும் நனைந்து கிடக்க, மாடிப்படியில் நின்றுகொண்டு அவர் இதைச் சொன்னார். கையில் குடை இருந்தது. தெரியாது என்றால் காலையில் போகும்போது குடை எதற்கு என்று கேட்டேன்.

“தெரியாததுனாலதான்,” என்றார்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த பெண் அவர். மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் அடுக்கின கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தில் எங்கள் வீடு. கீழே நான் தோசை மாவு அரைத்து விற்கிறேன், மேலே அவர். சொந்த ஊர் தேனிப் பக்கம். வேலை எர்ணாகுளத்தில், தேவரா தாண்டி ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில். என்னைவிட நல்ல சின்ன வயது. ஆனாலும் டாக்டர் என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டால் அப்புறம் ‘நீ’ என்று வாய் வர மாட்டேன் என்கிறது.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. குடிவந்த வாரமே அவர் இதைச் சந்து முழுக்கச் சொல்லிவிட்டார். சந்து காதில் வாங்கவில்லை. பலசரக்குக் கடை கபூரிக்கா தன்னுடைய சர்க்கரை ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

“டாக்டரே, இதொன்னு நோக்கணம்.”

“நான் அந்த டாக்டர் இல்லை இக்கா.”

“ஏது டாக்டரானாலும் இங்கிலீஷ் வாயிக்குமல்லோ.”

அவர் வாங்கிப் படித்தார். “கூடுதல்னு பக்கத்துலேயே அச்சடிச்சிருக்கு,” என்றார்.

“அதினு இனி எந்தா செய்யா?”

“அறியில்ல.”

தெரியாது என்று அர்த்தம். மலையாளத்தில் அவர் முதன்முதலில் உருப்படியாகக் கற்றுக்கொண்ட சொல் அதுதான். வேறு சொற்களுக்கு அவசியமும் வரவில்லை. மாதம் ஒன்று போவதற்குள் சந்தில் அவருக்கு ‘அறியில்லா டாக்டர்’ என்று பெயர் விழுந்துவிட்டது. யாராவது அவர் காதில் போட்டுவிடுவார்களே என்று நான் பதறிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவரே வந்து, “சரியாத்தான் வச்சிருக்காங்க,” என்றார்.

அவரிடம் சரக்கு மூன்றே மூன்று. ஆமா, இல்லை, தெரியாது. மூன்றாவதுதான் அதிகம் விற்கும். சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்டால் ஆமா. பிள்ளையார் கோவில் தேங்காய் ராசியானதா என்றால் தெரியாது. வாடகைக்கு வந்த பெண் தனியாக இருக்கிறாளே, கல்யாணம் எப்போது என்று எதிர்வீட்டுக் கொங்கணி மாமி கேட்டதற்கும் தெரியாதுதான். மாமி அதைத் திமிர் என்றார். திமிர் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது.

ஒருநாள் நான் பெருமையாகச் சொன்னேன்: “மாவு பொங்குறது அரிசியிலயும் இல்லை உளுந்துலயும் இல்லை டாக்டர். கரைக்கிற கையில இருக்கு.”

“நீங்க கரைக்காத நாள் யார் கரைப்பாங்க?”

“எங்க வீட்டுக்காரர்.” அவருக்கு கார்ப்பரேஷனில் துப்புரவுப் பிரிவில் வேலை. காலையிலேயே டூட்டி முடிந்து வந்துவிடுவார்.

“அப்பப் பொங்குமா?”

“பொங்கும்.”

“அப்போ?”

“அது வேற,” என்றேன்.

“சரி,” என்று தன் தோசைத் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். ஜெயித்ததாகவும் காட்டிக்கொள்ள மாட்டார், தோற்றதாகவும் காட்டிக்கொள்ள மாட்டார். இப்படிப்பட்ட மனிதரோடு சண்டை போடுவது மகா கஷ்டம்.

அவர் கையில் எப்போதும் ஸ்பிரிட் வாசனை அடிக்கும். அங்கே எதைத் தொடுவதற்கு முன்னாலும் தெளித்துத் தெளித்துத் துடைக்க வேண்டுமாம். மேல்தோல் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து உரிந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ஓணம் கிடையாது, பொங்கல் கிடையாது. ஒரு பெட்டிக்குள், நம் உடம்புச் சூட்டிலேயே, கண்ணுக்குத் தெரியாத செல்களை வைத்து வளர்க்கிறார்கள். அவை கிடக்கிற சத்துநீரைத் தினமும் மாற்ற வேண்டும். ஒருநாள் தவறினால் வாடிப்போகும், இல்லையென்றால் ஆகக்கூடாத வேறொன்றாக மாறிப்போகும். “அதுக்குக் காலண்டர் தெரியாதுக்கா,” என்பார்.

கேரளாவில் ஹர்த்தால் என்று ஒன்று உண்டு. அன்றைக்குக் கடை இல்லை, பஸ் இல்லை, படகு இல்லை. பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு, இந்த ஐந்தை மட்டும் விட்டுவிடுவார்கள். அப்படி ஒரு ஹர்த்தால் காலையில் அவர் செருப்பை மாட்டினார். தோப்பும்படிப் பாலம் வழியாக நடந்தே போகப் போகிறாராம்.

“யாராவது நிறுத்தினா ஆஸ்பத்திரின்னு சொல்லிடுங்க டாக்டர். உங்க முகத்துக்கு நம்புவாங்க.”

“ஆஸ்பத்திரிக்குப் போகலையேக்கா.”

பாலத்துக்கு இப்பால் கொடியோடு நின்ற பையன்கள் நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவன் பிற்பாடு எனக்கு மாவு வாடிக்கை ஆனான். அவன் சொல்லித்தான் முழுக் கதையும் தெரியும். டாக்டர் சொன்னது, “நிறுத்தினாங்க, அப்புறம் விட்டுட்டாங்க,” அவ்வளவுதான்.

“எங்கோட்டா சேச்சி? ஆசுபத்திரியா?”

“இல்லை.”

“கல்யாணமா?”

“இல்லை.”

“மரணமா?”

“இன்னும் இல்லை. நான் போகலைன்னா ஆகும்.”

யாருக்கு என்று கேட்டார்கள். அவர் தனக்குத் தெரிந்த தமிழிலும் தெரியாத மலையாளத்திலும், நடு ரோட்டில் நின்று, தாய் வயிற்றில் முதல் சில வாரம் என்ன நடக்கிறது என்பதை யாரும் பார்த்ததில்லை என்றும், அதைப் பார்ப்பதற்காக வளர்க்கும் செல்களுக்கு இன்றைக்குச் சாப்பாடு மாற்ற வேண்டும் என்றும் விளக்கினார். பையன்கள் தள்ளிப்போய்க் கூடிப் பேசினார்கள். ஐந்தில் எதிலும் இது சேரவில்லை. கடைசியில், பாலில் சேர்க்கலாம் என்று தீர்மானமாயிற்று. ஒருவன் தன் பைக்கில், முன்னால் கட்டின கொடியோடேயே, அவரைத் தேவரா வரைக்கும் கொண்டுபோய் விட்டான். வழியில் மற்ற பையன்கள் அவரைத் தலைவர் என்று நினைத்துக் கை தூக்கினார்களாம். தான் திரும்பக் கை தூக்கவில்லை என்பதை டாக்டர் என்னிடம் தெளிவுபடுத்தினார்.

எனக்கும் அந்த வேலை என்னவென்று புரிந்துகொள்ள ஆசை. கல்லில் தோசை போட்டுக்கொண்டே கேட்பேன், அவர் சுவரில் சாய்ந்து நின்று சொல்வார்.

“யாரோ ஒருத்தர் சம்மதிச்சுத் துளி தோல் குடுத்திருக்காங்க. அந்தத் தோல் செல்லைப் பக்குவம் பண்ணினா, அது தான் தோலுங்கிறதையே மறந்துடும். மறந்த பிறகு எதுவா வேணா ஆகலாம். எலும்பா, ரத்தமா, மூளையா. ஸ்டெம் செல்னு சொல்றது அதைத்தான். அதுல கொஞ்சத்தைச் சின்னக் குழியில விட்டா, ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து உருண்டையாகும். அப்புறம் உருண்டை ஒரு பக்கமா நீளும். ஒரு முனை முன்பக்கம், ஒரு முனை பின்பக்கம்னு அதுவே பிரிச்சுக்கும்.”

“யார் சொல்லிக்கொடுக்கிறா?”

“தெரியாது. அதான் வேலையே.”

“அப்போ அது குழந்தையா?”

“இல்லை.”

“விட்டு வச்சா ஆகுமா?”

“ஆகாது. குழந்தையாகணும்னா பனிக்குடம் வேணும், நஞ்சுக்கொடி வேணும். அது எதுவும் இதுல கிடையாது. இது கருவோட சாயல். கண்ணாடியில தெரியற மாதிரின்னு வச்சுக்கங்க. இதுக்குன்னு ஒரு கமிட்டி இருக்கு, அது சொன்ன நாளுக்கு மேல வைக்கவும் மாட்டோம், நிறுத்திடுவோம்.”

“நிஜத்தையே பாத்தா என்ன?”

“எப்படிப் பாக்கறது? அந்த நேரத்துல உண்டாகியிருக்குன்னு அம்மாவுக்கே தெரியாது. உள்ளே எவ்வளவோ நின்னுபோகும். ஏன் நின்னுதுன்னு யாரும் பாத்ததில்லை. தோசை கருகுதுக்கா.”

இதை நான் என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் மாவு வாங்க வந்தவர்களிடம் சொன்னேன். ஒரு தெரு தாண்டுவதற்குள் அது, மாவுக்கார சேச்சி வீட்டு மாடியில் இருக்கிற டாக்டர் எர்ணாகுளத்தில் டப்பாவில் குழந்தை வளர்க்கிறார் என்று ஆகிவிட்டது. ஒரு பெண் பேரனாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்லிக் கூடை நிறைய ஏத்தன்பழம் கொண்டுவந்து வைத்தாள். “அந்தக் கடை நான் வைக்கலைம்மா,” என்று அவர் கூடையைத் திருப்பிக் கொடுத்தார். பழத்தை மட்டுமாவது வாங்கியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

இந்தப் பேச்சு பள்ளுருத்தி வரைக்கும் போயிருக்கிறது. என் தங்கை செல்வியைக் கட்டிக்கொடுத்திருந்தது அங்கேதான்.

செல்விக்கு இரண்டு தடவை உண்டாகித் தங்காமல் போயிருந்தது. மூன்றாவதும் போன பிறகு, “கொஞ்ச நாள் அக்கா வீட்டுல இருந்துட்டு வா,” என்று அனுப்பிவைத்தார்கள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. அவள் புருஷன் தினமும் போன் பண்ணுவான். தைரியமாகப் பேச மாட்டான், அம்மா பக்கத்தில் இருப்பாள். அவள் மாமியார் தங்கம்மா அத்தை மோசமான மனுஷி இல்லை. ஆனால் எது நடந்தாலும் அதற்கு ஒரு ஆள் வேண்டும் அத்தைக்கு. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால்கூட யாராவது காரணமாக இருக்க வேண்டும். செல்வி ஸ்கூட்டரில் போனாள். செம்மீன் உரிக்கிற கம்பெனியில் ஐஸ் தண்ணீரில் நின்றாள். பப்பாளி தின்றாள். இவற்றில் ஒன்று, அல்லது மூன்றும்.

செல்வி வந்தாள், ஒரு மூலையில் உட்கார்ந்து எனக்கு உளுந்து களைந்து கொடுத்தாள், பேசவில்லை. ஒருநாள் மட்டும், “மாடியில இருக்கிறவங்க அதைத்தானே படிக்கிறாங்க?” என்றாள்.

“கேளேன்.”

“வேண்டாம். அவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு நீயே சொல்லியிருக்கே.”

அன்றைக்கே நான் மாடி ஏறினேன்.

“டாக்டர், ஒரே ஒரு வார்த்தை. உன் மேல தப்பில்லைன்னு அவகிட்டச் சொல்லிடுங்க. உங்க வாயால சொன்னா அவ நம்புவா.”

“நான் அவங்க ரிப்போர்ட்டைப் பாக்கலையேக்கா. பெரிய ஆஸ்பத்திரியில காட்டினீங்களா?”

“காட்டியாச்சு. ரெண்டு பேருக்கும் எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு. ஒண்ணும் கண்டுபிடிக்கலைன்னுட்டாங்க.”

“கண்டுபிடிக்கலைன்னா கண்டுபிடிக்கலைன்னுதான் அர்த்தம். ஐஸ்ல நின்னதாலன்னு சொல்லவும் எனக்குத் தெரியாது. இல்லைன்னு சத்தியம் பண்ணவும் தெரியாது. பாக்காததை எப்படிச் சொல்றது?”

“ஒரு பொய் சொன்னா உங்க செல்லெல்லாம் செத்தா போகும்?”

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவருக்குத் தோசையோடு சட்னி அனுப்பவில்லை. அவர் சட்னி இல்லாத தோசையைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார்.

மூன்றாம் நாள் தங்கம்மா அத்தை நேரில் வந்துவிட்டாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். முடிவெடுக்கிற நாளில் அத்தை பட்டு கட்டுவாள் என்று எங்களுக்குத் தெரியும். செல்வி உளுந்துப் பாத்திரத்தோடு கிரைண்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“மோளே, அந்த டாக்டரைக் கூப்பிடு. அவங்க சொல்லட்டும். பொண்ணு உடம்புலதான் கோளாறுன்னா எனக்கு இருக்கிறது ஒரே மோன், நான் வேற வழி பாக்கணும்,” என்றாள்.

அவர் வீட்டில் இல்லை என்று சொல்ல நான் வாய் திறப்பதற்குள் டாக்டரே படியிறங்கி வந்துவிட்டார், தோளில் பையோடு, வேலைக்குப் போகிற அவசரத்தில். அத்தை எழுந்து நின்று கும்பிட்டாள். அப்புறம் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“நீங்க கருவைத்தானே பாக்கறீங்க. எதுனால போச்சு? ஸ்கூட்டரா, ஐஸா?”

“தெரியாதும்மா.”

“பப்பாளியா?”

“தெரியாது.”

“எந்தா இது!” என்று அத்தை என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

டாக்டர் பையைக் கீழே வைத்தார். போனை எடுத்து, ஒரு படத்தைப் பெரிதாக்கி அத்தை கையில் கொடுத்தார். கறுப்பு வெள்ளையில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். சில புள்ளி அவரைவிதை மாதிரி நீண்டிருந்தது. சில வெறும் உருண்டை. சில, தட்டில் உதிர்ந்த ரவை மாதிரி சிதறிக் கிடந்தது.

“இதெல்லாம் ஒரே ஆளோட செல். ஒரே நாள் வச்சேன். ஒரே தண்ணி, ஒரே சூடு. இது நல்லா வந்துது. இது பாதியில நின்னுடுச்சு. இது உடைஞ்சுபோச்சு.”

அத்தை படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். அவளுக்குள் இருந்த போலீஸ்காரி விழித்துக்கொண்டாள்.

“வெயில்ல வச்சீங்களா?”

“பெட்டியை விட்டு வெளியே எடுக்கலை.”

“எங்கேயாச்சும் தூக்கிட்டுப் போனீங்களா? ஸ்கூட்டர்ல?”

“ஸ்கூட்டர் ஏறலை.”

“தீனியில ஏதாச்சும்…”

“எல்லாத்துக்கும் ஒரே தீனி. பப்பாளி கிடையாது.”

“பின்னே இது ஏன் நின்னுது?”

“தெரியாது. வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். ஒண்ணு ரெண்டு காரணம் கிடைச்சிருக்கு. பாக்கி தெரியலை.” அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்துகிற ஆள் இல்லை. “ஆனா ஒண்ணும்மா, இது கரு இல்லை, கருவோட சாயல்தான். இதை வச்சு உங்க மருமகளுக்கு என்ன ஆச்சுன்னு சொல்ல முடியாது.”

கைக்கு வந்ததைத் தானே தட்டிவிடுகிறாரே என்று நான் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன். அத்தை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதையெல்லாம் தொட்டது நான் மட்டும்தான்,” என்றார் டாக்டர். “வேற யார் கையும் படலை. என் தப்புன்னு சொல்வீங்களா?”

“சே! இதென்ன பேச்சு?” அத்தைக்கு நிஜமாகவே பதறிவிட்டது. “ஹர்த்தாலுக்குக்கூட நடந்து போய் பாத்தவங்கன்னு ஊரே சொல்லுது. நீங்க என்ன செய்வீங்க பாவம்? உங்க கையில என்ன இருக்கு?”

கிரைண்டருக்குப் பின்னால் உளுந்து களைகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

தான் சொன்னது தன் காதில் விழுந்ததா என்று அத்தையின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள். நான் போட்டுவைத்த சாயாவை எடுத்து, ஆறிப்போனதை, ஒரே மூச்சில் குடித்தாள். தம்ளரை வைத்துவிட்டு, டாக்டரிடம் குறைப்பட்டுக்கொள்கிற மாதிரி, “இத்தனை படிச்ச உங்களுக்கே தெரியலைன்னா, அவளுக்கு எங்கே தெரியப் போவுது,” என்றாள்.

“ஆமா,” என்றார் டாக்டர்.

வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் அத்தை உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “செல்வி, நாளைக்கு அவனை அனுப்பறேன். துணியெல்லாம் எடுத்து வச்சுக்கோ.” பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடையைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அத்தையிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

டாக்டர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். படகுக்கு நேரமாகியிருந்தது. அப்போதுதான் செல்வி பேசினாள். முழங்கை வரைக்கும் ஈரத்தோடு, பாத்திரத்தை விட்டு எழுந்திருக்காமல், அவரைப் பார்த்துக் கேட்டாள்.

“டாக்டரே, அடுத்தது தங்குமா?”

நான் இந்த மனுஷியை மனசுக்குள் ஒருபோதும் இவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை. ஒரு தலையாட்டல் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். அவர் செல்வியைப் பார்த்தார்.

“தெரியாதும்மா,” என்றார்.

சொல்லிவிட்டு, பையைக் கழற்றி வைத்தார். ஈரத் தரையில் அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்பிரிட்டில் வெளுத்துப்போன அந்த இரண்டு கைகளையும் செல்வியின் கை இருந்த பாத்திரத்துக்குள்ளேயே விட்டு, உளுந்தைக் களைய ஆரம்பித்தார்.